வெறுங்கால் சார் வைத்தியம் பார்த்த கம்ப்யூட்டர்

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குள் செருப்பில்லாமல் நுழைந்து, அத்தனை பேரையும் வாயடைக்க வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். கம்ப்யூட்டரைப் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர். நாங்கள் வைத்த பெயர் வெறுங்கால் சார்.

எண்பதுகளின் கடைசி. பீரோ உயரத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்திறங்கி, மாதனூர்ப் பக்கத்துப் பெண்கள் நாங்கள் நாலு பேர் அதில் கணக்கு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். ஏற்றுவது ஒழுங்காக ஏறியது. ஏற்றியதைத் திரும்பப் படிக்கச் சொன்னால்தான் வினை. எந்தப் பெட்டியில் எந்த ஜோடி என்று சொல்லும் பேக்கிங் லிஸ்ட் கேட்டுவிட்டு, சாப்பிட்டுக் கைகழுவி வந்தாலும் முதல் பக்கம் வந்திருக்காது. துறைமுகத்துக்குப் போகும் லாரி வாசலிலேயே நிற்கும். மேனேஜருக்கு எங்கள் மேல்தான் சந்தேகம்.

"உங்களுக்கு ஸ்பீடு கம்மி. வெள்ளிக்கிழமை லாரி கிளம்பறதுக்குள்ள லிஸ்ட் வரலன்னா, மிஷினையும் அனுப்பிடுவேன், உங்களையும் அனுப்பிடுவேன்" என்றார்.

எங்கள் வீடுகளில் ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண்கள் நாங்கள்.

புதன்கிழமை வந்த இன்ஜினியர் கீபோர்டைத் தொடவே இல்லை. எங்களை லிஸ்ட் கேட்கச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கால்களையும் கணக்கெல்லாம் பதிவாகும் டிஸ்க் பெட்டியில் ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னாம்மா, தூங்கிட்டாரா?" என்றார் வாட்ச்மேன்.

"டிஸ்க் வரிசையா நேரா படிச்சா கால்ல கிச்சுகிச்சு மூட்டும். இது உதைக்குது" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. மேனேஜர் புது ஷூ ஒரு ஜோடி கொடுத்துப் பார்த்தார். ஷூ போட்டால் காது அடைத்த மாதிரி ஆகிவிடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு எங்களிடம், எப்படி ஏற்றினீர்கள் என்று கேட்டார்.

"லெஃப்ட் ஷூ ஒரு டேபிள்ல செக் ஆவும் சார், ரைட்டு வேற டேபிள். அதே மாதிரி ஃபைல்ல முன்பாதி லெஃப்ட்டு, பின்பாதி ரைட்டு. லிஸ்டுக்கு ஜோடி ஜோடியா எடுக்கும்."

மனிதர் துள்ளி எழுந்தார். மேனேஜரை பேக்கிங் ஹாலுக்கு அழைத்துப் போய், ஒரு கோடியில் இடதுகால் ஷூக்களையும் மறுகோடியில் வலதுகால் ஷூக்களையும் குவிக்கச் சொன்னார்.

"ஜோடி சேருங்க சார். ஒரு நடைக்கு ஒண்ணுதான் எடுக்கணும்."

மேனேஜர் ஓடினார். தையல் மிஷின்கள் நின்றுபோய் மொத்த ஹாலும் வேடிக்கை பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அட்டைப்பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார் பேஜார் இது. கை நிறைய அள்ளிக்கினு வந்தா ஆவாதா?"

"அதேதான் சார் கோளாறு. டிஸ்க் மேல தப்பில்ல. மிஷினை நடத்துற புரோகிராம் ஒண்ணு உள்ள இருக்கு, கெர்னல்னு பேரு. வரிசையா படிக்கிறோம்னு தெரிஞ்சா, கேக்கறதுக்கு முன்னாடியே அடுத்ததையும் அள்ளி வெச்சுக்கும். ஆனா ஒரு ஃபைலுக்கு, கடைசியா படிச்ச ஒரே ஒரு இடம்தான் அதுக்கு ஞாபகம் இருக்கும். லெஃப்ட்டு, ரைட்டுனு மாத்தி மாத்தி கேட்டா குழம்பிப்போய் கைய கட்டிக்கினு நின்னுடுது."

"அப்போ பொண்ணுங்க ஏத்தினதுதான் தப்பு. அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஏத்தட்டும்."

மாதக்கணக்கில் ஏற்றியது. எங்களில் ஒருத்தி அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மனுஷனுக்கு ரெண்டு காலுன்னு இவங்களுக்குத் தெரியும் சார். கெர்னலுக்குத்தான் தெரியல. அதுக்கு நான் சொல்லித் தர்றேன்" என்றார் வெறுங்கால் சார்.

சொல்லியும் தந்தார். மறுநாள் முழுக்க உட்கார்ந்து, இரண்டு இடங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி கெர்னலை மாற்றினார். ஏற்றியதில் ஓர் எழுத்தையும் நாங்கள் தொடவேண்டி இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை லாரி டிரைவர் முகம் கழுவி முடிப்பதற்குள் லிஸ்ட் மேனேஜர் கையில் இருந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை நேரத்துக்கு வந்துடுங்க" என்று மட்டும் எங்களிடம் சொன்னார். நாங்கள் குதித்து ஓய்ந்து திரும்பிப் பார்த்தால், சார் மெட்ராஸ் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

அந்த வேலை எனக்கு நிலைத்தது. கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. மகன் பிறந்தபோது, அவர் பெயரைத்தான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வீட்டுக்காரரும் சரி என்றார். "இன்னா பேரு அவருக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. அந்த மூன்று நாளில் நாலு பேரில் ஒருத்திகூட அதைக் கேட்டு வைக்கவில்லை.