மாமா வீட்டு உத்தரமும் வளையல்காரரும்

கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துவிட்டு வருகிற ஒரே மனிதர் எங்கள் வளையல்காரர்தான்.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூர் லாட்ஜில் எனக்கு அடுத்த அறை. மர ஆராய்ச்சியாளர். தேக்கு வருடத்துக்கு ஒரு வளையம் போடும். நல்ல மழை என்றால் அகலம், பொய்த்தால் ஒல்லி. அந்த வரிசையைக் காட்டிலுள்ள கிழட்டு மரங்களோடு ஒப்பிட்டு, ஒரு உத்தரத்தின் மரம் எந்த வருடம் வெட்டப்பட்டது என்று சொல்லிவிடுவார். எந்நேரமும் வளையப் பேச்சு. அதனால் அந்தப் பெயர். ஒரு அம்மணி கதவைத் தட்டி, "கண்ணாடி வளையல் இருக்குங்களா?" என்றே கேட்டுவிட்டார். அவருக்கும் மர வளையப் பாடம் நடந்தது.

ஆனைமலையில் என் மாமா தன் வீட்டுக்கு 'முந்நூறாண்டு மாளிகை' என்று கல்லே செதுக்கிவிட்டார். அறிவியல் சாட்சிக்கு வளையல்காரர். அவரும் முன்கூட்டியே வந்து, உத்தரத்தில் பென்சில் கனத்துக்குத் துளையிட்டு மாதிரி எடுத்துப் போனார்.

கல் திறப்பு விழா நாளில் ஊரே கூடியிருந்தது. மாமா மைக்கை நீட்டினார்.

"முந்நூறு இருக்குமுங்களா சார்?"

"இல்லீங்க. நூத்திச் சொச்சந்தானுங்க."

மாமாவின் முகம் மதுக்கரை சிமெண்ட் மாதிரி இறுகியது. "கொஞ்சம் சேத்திச் சொல்லுங்க" என்று காதைக் கடித்தார்.

"மரம் ஒத்துக்காதுங்களே!" அது மைக்கில் கேட்டுவிட்டது. "பட்டையை ஒட்டுன கடைசி வளையமெல்லாம் நூலாட்டம் இருக்குதுங்க. மழையே இல்லை. பஞ்சத்துலதான் வெட்டியிருக்காங்க."

மாமாவின் அக்கா, என் பெரியம்மா, விருட்டென்று எழுந்தார். "நான் சொன்னா சிரிச்சியேடா! ஊரு பட்டினி கெடக்கறப்ப, வேலை குடுத்துச் சோறு போட்டுக் கட்டுன ஊடுன்னு அப்பாரு சொன்னாருன்னு!"

மாமா தடுமாறினார். "நெசமுங்களா சார்?"

"வெட்டுன வருசந்தானுங்க மரம் சொல்லும். சோறு போட்டதை அக்காதான் சொல்லோணும்."

மைக் பெரியம்மாவிடம் போனது. அதுவரை வீட்டில் யாருமே முழுசாகக் கேட்காத கதையை ஊரே கேட்டது. மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கல் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கப் போனது.

திரும்பும் பஸ்ஸில் வளையல்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தோள் மரத்துப் போனது. உக்கடம் வரும்வரை நான் அசையவில்லை.