கரடிக் குடும்பம் மலைக்குப் போன கதை

ஒரு காட்டில் வெயில் வந்து குடியேறி இருபது நாள் ஆகியிருந்தது. ஓடை வற்றிவிட்டது. மர நிழல்கூடச் சுட்டது. அந்தக் காட்டில் செங்கோடன் என்ற கரடியும், அவர் மனைவி பாவாயியும், கல்லூரியில் படிக்கும் மகள் வளர்மதியும் ஒரே குகையில் வசித்தார்கள். கணவனும் மனைவியும் ஒருவரோடு ஒருவர் பேசி நாற்பது நாள் ஆகியிருந்தது.

காரணம் பெரிதில்லை. பாவாயியின் தம்பி புதுக் குகைக்குக் குடிபோன அன்று, விருந்தில் மூன்றாவது முறையாகப் பாயசம் வாங்கிக்கொண்ட செங்கோடன், வாசல் தெற்குப் பார்த்து இருக்கிறதே, யாரையும் கேட்காமலா கட்டினார்கள் என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி விசாரித்துவிட்டார்.

அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் வளர்மதி வழியாகத்தான். அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்பார் அம்மா. பசியில்லை என்று சொல்லிவிடு என்பார் அப்பா. இருவருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. வளர்மதி பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு ஒரு தூது வந்தது.

அந்தச் சமயத்தில் பக்கத்து மரத்து இருவாட்சிப் பறவை குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டு வந்தது. ஒரே வண்டிக்குள் நாள் முழுக்க அடைந்து கிடந்தால் எப்பேர்ப்பட்ட குடும்பமும் மனசு விட்டுப் பேசித்தான் ஆகவேண்டும் என்று அது சொன்னதை வளர்மதி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிமேட்டு மலைக்குப் போகலாம் என்று இருவரையும் தனித்தனியாகச் சம்மதிக்க வைத்தாள். காட்டுப்பன்றி தன் ஜீப்பை இரவல் கொடுத்தது.

கோடையில் அந்த மலைக்குப் போக இ-பாஸ் வேண்டும். வளர்மதி போனில் படிவத்தைத் திறந்தாள். பெயர், வண்டி எண், பயணத் தேதி, வால் நீளம் என்று வரிசையாகக் கேட்டது. வாலில்தான் சிக்கல். கரடிக்கு இருப்பது ஒரு துண்டு வால். செங்கோடன் ஒரு முழம் என்று போடச் சொன்னார். இருப்பதைப் போடச் சொல்லு என்றார் பாவாயி. அரை மணி நேரம் இந்தத் தூது நடந்தது. அந்த எரிச்சலில் வளர்மதி மே பன்னிரண்டு என்று அழுத்த வேண்டிய இடத்தில் ஜூன் பன்னிரண்டை அழுத்திவிட்டாள்.

கிளம்பினார்கள். ஜீப்பின் முன்சீட்டில் அப்பாவும் அம்மாவும். முன்சீட்டிலிருந்து முன்சீட்டுக்குப் போகும் சேதியெல்லாம் பின்சீட்டு வழியாகப் போயிற்று. வேகத்தடை வருகிறது என்று அம்மா சொன்னதை மகள் அப்பாவிடம் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேர் தலையும் கூரையில் இடித்துவிட்டிருந்தது. அம்மா கட்டி வந்த புளிசாதமும் பின்சீட்டுக்கு வந்துதான் அப்பாவுக்குப் போனது. வளர்மதிக்கு அழுகையே வந்தது.

மலையடிவாரச் சாவடியில் நீண்ட வரிசை. இரண்டு மணி நேரம் கழித்து இவர்கள் முறை வந்தது. சாவடியில் இருந்த கருங்குரங்கு போனை வாங்கிப் பார்த்தது.

"பாஸ் அடுத்த மாசத்துக்குங்க. ஒரு முப்பது நாள் ஓரமா நின்னீங்கன்னா உள்ளே விட்டுடறேன்."

பின்னால் நின்ற மான்கள் ஹாரன் அடித்தன. செங்கோடன் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"பாத்தியா பாவாயி, புள்ள செஞ்சு வெச்சிருக்கிற வேலையை?"

பாவாயி நேராக அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு தேதி பாத்துப் போடத் தெரியலீங்களே. இவளை எப்படிங்க ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கறது?"

அவ்வளவுதான். வண்டி திரும்பியது. அவள் ஐந்து வயதில் தேன்கூட்டில் தலையை விட்டுக்கொண்டதை அம்மா ஆரம்பித்தார், அப்பா முடித்தார். ஆற்றில் செருப்பைத் தொலைத்ததை அப்பா ஆரம்பித்தார், அம்மா முடித்தார். திட்டிக் களைத்த அப்பாவுக்கு அம்மா தன் கையாலேயே தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

எல்லாம் அந்த வாலால் வந்தது என்று சொல்ல வளர்மதி வாயைத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

பாதி வழியில் குற்றங்கள் தீர்ந்துபோயின. பேச்சு தேய்ந்தது. அப்பா சாலையையும் அம்மா ஜன்னலையும் பார்க்கத் தொடங்கினார்கள். வளர்மதிக்குப் பயம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அப்பா, கணக்குப் பாடத்துல எனக்கு அரியர் இருக்குதுங்க. ரெண்டு."

செங்கோடன் ஒரு புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்தினார். கணவனும் மனைவியும் இறங்கி, நிழலில் தலையோடு தலை வைத்து உட்கார்ந்து, இந்தப் பெண்ணை என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நடுவில் ஒருமுறை ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

வளர்மதி பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்து, நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

நீதி: கோடையில் குடும்பத்தோடு பயணம் போனால் உறவு பலப்படும். ஊர் போய்ச் சேரவேண்டிய அவசியமில்லை. திட்டு வாங்க ஒரு பிள்ளையை மட்டும் மறக்காமல் ஏற்றிக்கொள்ளவும்.