நோராவின் தவக்கால லில்லி

இலைகள் முழங்கை நீளம் வளர்ந்திருந்தன. மொட்டைத்தான் காணோம்.

சாந்தோம் வீட்டு வாசலில் குந்தியபடி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஆரோக்கியநாதன் தொட்டியை முறைத்தார். மனைவி நோரா இறந்தபின் வரும் முதல் ஈஸ்டர். "என் கல்லறைக்குக் கடைப்பூ வேணாங்க. என் லில்லி போதும்" என்று அவள் கேட்டிருந்தாள்.

ஆண்டுதோறும் தவக்காலத்தில் நோரா பாலவாக்கத்திலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். ஜெபத்துக்கு என்பாள். திரும்பி வந்ததும் லில்லி சிவப்பாகப் பூக்கும்.

செடிக்குத் தாகம் என்று முடிவுகட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். இலைதான் கூடியது.

கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினார். புண்ணாக்கில் இருப்பது தழைச்சத்து. அது இலையைத்தான் வளர்க்கும். இலை இன்னும் கூடியது. கூடவே நாற்றமும்.

பக்கத்து வீட்டு அன்வரி பேகம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இன்னா சார் இது? எலி கிலி செத்துக்கீதா?"

"உரம்மா."

"நல்ல உரம்! நோன்பு தொறக்க உக்காந்தா கஞ்சி உள்ளே எறங்கல."

நாற்றம் போக வாளி வாளியாகத் தண்ணீர் விட்டார். லில்லிக் கிழங்கு வெங்காயம் மாதிரி. செடி தன் சாப்பாட்டைச் சேர்த்து வைக்கும் இடம். ஈரத்தில் ஊறினால் அழுகும். இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்தன.

பரிசுத்த வாரத்தில் இயற்பியல் ஆசிரியர் ஜெபமாலையோடு தொட்டியருகே உட்கார்ந்துவிட்டார்.

எட்டிப் பார்த்த அன்வரியிடம், "அவ ஜெபத்துல பூத்துது. என் ஜெபத்துல அழுகுது" என்றார்.

அன்வரி மண்ணுக்குள் விரலை விட்டு அழுத்திப் பார்த்தார். "கெழங்கு ஒரு பக்கம் கெட்டியாத்தான் கீது. அடுத்த வருஷம் பூக்கும்."

"எப்படி? அவ என்னதான் செஞ்சா?"

அன்வரி விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"ஜெபமாவது சார்! உங்களோட முடியாமத்தான் நோராக்கா அங்க போய்க் கெடந்துச்சு. தெனம் எனக்கு போன் போட்டு, 'அவர் செடிக்குத் தண்ணி ஊத்தினாரா?'ன்னு கேக்கும். 'எட்டிக்கூடப் பாக்கல'ம்பேன். 'அப்ப பூத்துடும்'னு சிரிக்கும். அவ்ளோதான் சார் லில்லிக்கு. பூக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் தண்ணியே ஊத்தாம, கண்டுக்காம வுட்டுடணும்."