சுருட்டை முடிக்கு வெள்ளைக் கிரீம்

இந்தத் தடவை திருடியைக் கையும் களவுமாகப் பிடித்தே தீர்வது என்று அர்ச்சுனன் சபதம் செய்தார். தெப்ராவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஸ்டோரை மேற்பார்க்கும் மண்டோர் அவர்தான்.

அவர் தலையில் இருந்தது முடியா, கம்பிச் சுருளா என்று யாருக்கும் நிச்சயமில்லை. உள்ளே போன சீப்பு பல்லை இழந்துதான் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை துரையோடு தோட்டமே போட்டோ எடுக்கப்போகிறது. அதில் தலை படிந்து பளபளக்க வேண்டும். அதற்கென்றே சிங்கப்பூர் போய், சுருட்டை முடிக்கு விற்ற வெள்ளைக் கிரீம் ஒரு டப்பா வாங்கி வந்திருந்தார். ஒரே வாரத்தில் பாதி காலி!

மனைவி வெள்ளையம்மாவுக்கும் சுருட்டைதான். கொஞ்ச நாளாக அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போதே தலை மினுக்கியது.

"ஏ வெள்ளையம்மா, என் கிரீமைத் தொட்டியா?"

"அலமாக்! நான் ஏன் தொடுறேன்?"

"அப்ப தலை மினுக்குதே?"

"தேங்காண்ணெய். பொறாமையா இருந்தா நீங்களும் தடவுங்க."

சனிக்கிழமை, மிச்சக் கிரீமை வழித்துப் பழைய பிஸ்கட் டின்னில் ஒளித்தார். கிரீம் டப்பாவில் ரப்பர் பாலை ஊற்றி, துளி கிரீமைக் குழைத்து வைத்தார். வாடை வருமோ? மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷம் பொடி போட்ட மூக்கு அது.

ஞாயிறு காலை டப்பா வைத்தபடியே இருந்தது. 'தப்பிச்சிட்டா!' என்று முனகிக்கொண்டே பிஸ்கட் டின்னைத் திறந்தார். கை நிறைய அள்ளித் தேய்த்தார். முடி படிந்தது. அற்புதமாகப் படிந்தது. சீப்பும் அங்கேயே நின்றுவிட்டது. இழுத்தால் உச்சந்தலையும் கூடவே வந்தது. அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

"வெள்ளையம்மா!"

"ஐயையோ, தலையிலயா ரப்பர் ஷீட் போடுறீங்க?"

"நீதான்டி மாத்தி வச்சே!"

"பன்னெண்டு வருசமா பால் வெட்டுறவளுக்கு அந்த வாடை தெரியாதா? பாலை டின்னுல ஊத்தி, கிரீமை அது டப்பாவுலயே வச்சிட்டேன்."

"அப்ப திருடினது நீதான்னு ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன். மொதல்ல செல்லப்பன்கிட்ட போய்த் தலையைக் குடுங்க. போட்டோக்காரரு வந்துட்டாரு."

முடிவெட்டும் செல்லப்பன் கத்தியை எடுத்தார். கத்தரி அந்தத் தலையில் செல்லாது. போட்டோவில் அர்ச்சுனன் ஆசைப்பட்டபடியே அவர் தலை பளபளத்தது. பக்கத்தில் வெள்ளையம்மாவின் சுருட்டை அலை அலையாக மின்னியது.

"எல்லார்கிட்டயும் முருகனுக்கு வேண்டுதல்னு சொல்லிட்டேன், கவலைப்படாதீங்க," என்றாள் அவள், வீட்டுக்குத் திரும்பும் வழியில். "அந்தக் கிரீமும் வீணாகாது. உங்களுக்கு முடி முளைக்கிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்."