எழில்மதிக்கு ஒரு கார்டு

"புதன்கிழமை தட்டம்மை ஊசி. கார்டோட வந்துடுங்க" என்று கிராம சுகாதாரச் செவிலியர் சந்திரலேகா போனில் சொல்லிவிட்டார். எந்தக் கார்டு என்று சொல்லவில்லை.

கொளஞ்சியப்பனுக்கு அது காப்பீட்டு அட்டை என்பதில் சந்தேகமே இல்லை. அண்ணனுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்றபோது ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது அதைத்தானே! அவனிடம் அது இல்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை. மகள் எழில்மதிக்கு ஒன்பது மாதம்.

"நீ கவலைப்படாத. நானே முடிச்சிடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, புதன் காலை அந்த அட்டையை எடுக்க நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினான்.

"ரேஷன் கார்டுல பாப்பா பேரு இல்லியே. சேத்துக்கினு வாங்க" என்றார்கள் கலெக்டர் ஆபீஸில்.

சேர்க்கப் போன இடத்தில், "பொறப்பு சர்டிபிகேட்டுல பேரே போடலியே. 'பெண் குழந்தை'ன்னு மட்டுந்தான் இருக்கு" என்றார்கள்.

ஊர் திரும்பியவன், எதிர்வீட்டு ராஜாம்பாளின் காப்பீட்டு அட்டையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, ஊசி போடும் அங்கன்வாடிக்கு ஓடினான். மணி பன்னிரண்டரை. இந்த ஊசி மருந்து தூளாக வரும். நீரில் கலந்துவிட்டால் நான்கு மணி நேரம்தான் வீரியம். பிறகு மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சந்திரலேகா கலந்தது ஒன்பதரைக்கு.

"பாப்பா பேரு?"

"எழில்மதிங்க."

அவர் அட்டையைப் பார்த்தார். "ராஜாம்பாள்னு இருக்கு?"

"அது வூட்ல கூப்புடற பேருங்க."

"வயசு அறுபத்திரெண்டு?"

"கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டானுங்க."

வரிசையில் நின்ற தாய்மார்கள் சிரித்துவிட்டார்கள். கொளஞ்சியப்பனுக்குக் கண் கலங்கியது.

"எனுக்கு இன்சூரன்ஸ் இல்லீங்க மேடம். அதுக்காவ பாப்பாவ வுட்டுடாதீங்க."

"அட, இன்சூரன்ஸ யாருங்க கேட்டா? ஊசி போட்ட தேதி எழுதுற அட்டையத்தான் கேட்டேன். அது இல்லன்னாலும் என் ரிஜிஸ்டர்ல இருக்கு. எல்லாப் புள்ளைங்களுக்கும் ஊசி இலவசம்."

மலையை இறக்கி வைத்தவன் போல ஸ்டூலில் உட்கார்ந்தான். "அப்ப சீக்கிரம் போடுங்க மேடம்!"

சந்திரலேகா அவனை மேலும் கீழும் பார்த்தார். மூலையில் பாய் சுருட்டிக்கொண்டிருந்த அங்கன்வாடி உதவியாளர் செல்லியம்மாள் சொன்னார்:

"கார்டெல்லாம் வேணாம் தம்பி. ஒன்றரைக்குள்ள வூட்டுக்குப் போயி பாப்பாவ தூக்கினு வா."