ஆட்டர்மியர் மாளிகையின் அசல் முழங்கால்

ஆட்டர்மியர் மாளிகையில் அறைகள் தொண்ணூற்று நான்கு, நாற்காலிகள் முந்நூறு. உட்காருவதற்கு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றின் மெத்தையிலும் காய்ந்த முட்பூ ஒன்றைப் பக்குவமாக வைத்திருந்தார்கள். 'உட்காராதீர்' என்று எழுதி வைப்பது வந்தவர்களுக்கு மரியாதைக் குறைவாம்.

ஓய்வுபெற்ற தபால்காரர் பெர்சி ராக், இந்த மாளிகையைப் பராமரிக்கும் பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கத்தில் இருபத்திரண்டு வருடமாக உறுப்பினர். வலது முழங்கால் மாற்று அறுவைக்கு இரண்டு வருடமாகக் காத்திருப்பவர். அறுபதாவது அறையில் அந்த முழங்கால் கைவிரித்துவிட்டது.

காவலுக்கு நின்ற திருமதி பிளென்கினிடம் கேட்டார்: "ஏம்மா, ஒரு நிமிஷம் இதுல உட்கார்ந்துக்கவா?"

"ஐயையோ, இதுல ராஜாவே உட்காரலைங்க. வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போயிட்டார். அதனாலதான் இதுக்கு இவ்வளவு மதிப்பு."

"தோட்டத்துல பெஞ்சு இருக்குமா?"

"இருந்துச்சு. 1768 வரைபடத்துல பெஞ்சு இல்லைன்னு எடுத்துட்டோம். இயற்கை கெடக்கூடாது பாருங்க."

அந்த இயற்கையை உண்டாக்கத்தான் அந்தக் காலத்துப் பிரபு ஒரு குன்றைப் பெயர்த்து, ஓர் ஊரைக் கிளப்பி, ஏரி தோண்டி, பட்ட மரம் நாலைக் காசு செலவழித்து நட்டிருந்தார்.

ஏரிக்கரைப் புல்லில் பெர்சி தொப்பென்று உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க, மானம் போகுது" என்றாள் மனைவி ஹில்டா.

மேலாளர் ஸ்டாப்ஸ் வரைபடச் சுருளோடு ஓடி வந்தார். திட்ட வாயைத் திறந்தவர், வரைபடத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அந்தக் காலப் பிரபுக்கள் தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று சம்பளத்துக்குத் துறவி வைத்துக்கொள்வார்கள். சரியாக அந்த இடத்தில், 'களைத்த துறவி ஒருவர், அமர்ந்த நிலை' என்று எழுதியிருந்தது.

"இருநூத்தம்பது வருஷமா காலியாக் கெடந்த எடங்க! தயவுசெஞ்சு அசையாதீங்க."

"டீ கிடைக்குமா?"

"கிடைக்கும். துறவி குடிக்கிற மாதிரி குடிக்கணும்."

உட்கார இடம் கிடைத்த நிம்மதியில், ஸ்டாப்ஸ் நீட்டிய தாளிலெல்லாம் பெர்சி கையெழுத்துப் போட்டார். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை துறவி. மறுவாரமே அவரைச் சுற்றிக் கயிறு, முன்னால் வரிசை. மதியம் சாண்ட்விச் கொண்டுவந்த ஹில்டாவும் வரிசையில்தான் நின்றாள். புருஷன்தானே, முந்திப் போகலாம் என்று தோன்றவில்லை, ஆங்கிலேயப் பெண்.

அப்போது பார்த்து ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. முழங்காலுக்கு வெள்ளிக்கிழமை தேதி.

"வாய்ப்பே இல்லைங்க" என்றார் ஸ்டாப்ஸ். "இவர் இப்ப பாதுகாக்கப்பட்ட சின்னம். அசல் பாகத்தைக் கழட்டிட்டு உலோகம் வைக்கச் சங்கத்துல விட மாட்டாங்க. ஓக் மரம்னா யோசிக்கலாம்."

"வலிக்குதுய்யா!"

"வலியும் அசல்தானே."

"அவர் என் புருஷன்" என்றாள் ஹில்டா.

"அது இவரோட பழைய உபயோகம்மா."

விவகாரம் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போனது. சின்னத்தை நகர்த்தக் கூடாதென்று ஏரிக்கரையிலேயே கூட்டினார்கள்.

"பழமையைப் பழுதுபார்க்காமல் காக்க விரும்புவோர் கை தூக்கவும்" என்றார் தலைவர்.

நானூறு கைகள் எழுந்தன. ஹில்டா பதறித் திரும்பினாள். பெர்சியின் கையும் மேலே இருந்தது.

"உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"போன வருஷம் இதே கூட்டத்துல, எதிர்வீட்டுக்காரன் ஒழுகுற பழைய கூரையை மாத்தக்கூடாதுன்னு தூக்கின கை, ஹில்டா. இன்னிக்குத் தூக்கலைன்னா அவன் என்ன நினைப்பான்?"

எதிர்வீட்டுக்காரர் முதல் வரிசையில் இருந்தார். இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார்.