தலை தீபாவளி கொண்டாடிய மில்லிங் மிஷின்

எனக்கு எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன்: போடிநாயக்கனூரில் இரும்புக்கு மாமனாரான ஒரே மனிதர் எங்கள் பட்டறை மிஷின்காரர்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு லேத்துப் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டிப் பெருக்குவது என் வேலை. அந்த வருஷம் முதலாளி கோயம்புத்தூரிலிருந்து பழைய மில்லிங் மிஷின் ஒன்றை வாங்கி வந்தார். அதை ஓட்டியவர் வந்த நாளிலிருந்தே அதை ‘மாப்ளே’ என்றுதான் கூப்பிட்டார். கல்யாணமே ஆகாத அந்த மனிதருக்கு ‘மாமனார்’ என்று பெயர் விழுந்தது.

“ஆத்தா, மாப்ளே முன்னால வெளக்கமாத்த ஆட்டாத. மரியாதையா இருக்காது” என்று என்னிடம் சொல்வார். அந்த மிஷினைச் சுற்றி மட்டும் நான் துணியால் அள்ளுவேன். ஒருநாள் முதலாளி அதன் டேபிள் மேல் தூக்குச்சட்டியை வைத்துவிட்டார். பொழுது சாயும்வரை மாமனார் அவரோடு பேசவில்லை.

மார்கழிக் காலை ஒன்றில் குரங்கணியிலிருந்து ஒரு காப்பித் தோட்டக்காரர் ஓடி வந்தார். பழம் உரிக்கும் மிஷினின் இரும்புத் தண்டு இரண்டாக ஒடிந்து கையில் இருந்தது.

“பறிச்ச பழமெல்லாம் சாக்குல சூடேறிக் கிடக்குண்ணே. இன்னைக்கே தோலுரிக்கலைன்னா புளிச்சு நாறிரும். வருசப் பாடும் போச்சு!”

புதுத் தண்டை லேத்தில் வெரசாகக் கடைந்தாயிற்று. அதில் நீளமாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். அது மில்லிங் மிஷின் வேலை. தண்டை டேபிளில் பூட்டி, மாமனார் அதை நகர்த்தும் கைச்சக்கரத்தைச் சுற்றினார். டேபிள் அசையவில்லை. வெளியே தோட்டக்காரரைக் கூட்டி வந்த ஜீப்புக்காரன் ஆரனை அமுக்கினான்.

“மாப்ளே முறுக்கிக்கிட்டாரு” என்றார் மாமனார்.

டேபிளைப் பூட்டும் கொக்கியைப் பார்த்தார், திறந்துதான் இருந்தது. இடுக்கில் இரும்புச் சுருள் சிக்கியிருக்குமோ என்று துடைத்தார். பக்கத்தில் டேபிளை இறுக்கிப் பிடிக்கும் தகட்டின் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். சக்கரம் மயிரிழை நகர்ந்து நின்றுவிட்டது.

“என்ன வருத்தம் மாப்ளே, வாய் தொறந்து சொன்னாத்தான தெரியும்?”

“அண்ணே, எம் பொழப்பு அழுகுது, நீ பஞ்சாயத்துப் பேசிக்கிட்டிருக்க!” என்று தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

முதலாளி ஒரு நீளக் குழாயோடு வந்தார். “இத மாட்டி ஒரே இழு. வராம எங்க போகும்?”

மாமனார் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். “உள்ள கெடக்குறது பித்தளை நட்டு மொதலாளி. பல்லு போச்சுன்னா மாப்ளே படுத்த படுக்கைதான்.”

“நேத்து மத்தியானம் ஓடுச்சேய்யா?”

“வெயில் ஏறுனா வந்துர்றாரு. காலையிலதான் இந்தக் கோவம்.”

அதற்குள் தோட்டக்காரர் குனிந்து, டேபிளுக்கு அடியில் அதை நகர்த்தும் திருகுத் தண்டைத் தடவினார். விரலில் வெள்ளையாய் ஏதோ அப்பிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தார்.

“என்னண்ணே, எம் வீட்டுக்காரி கொண்டை வாசமால்ல அடிக்குது!”

மாமனார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “தலை தீபாவளியில்லையா மொதலாளி… எண்ணெய் தேய்க்காம விடலாமா? மலையாளத்துத் தேங்காண்ணெய், சுத்தமான சரக்கு. அன்னைக்கு வழுக்கிக்கிட்டு ஓடுனாரு. பிடிச்சுப்போச்சுன்னு தெனமும் வச்சுட்டேன்.”

மார்கழிக் குளிரில் அது மெழுகாய் உறைந்திருந்தது. முதலாளி குழாயோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை நான் கொண்டுபோய் வைத்தேன். மாமனார் துணியை முக்கிப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தார். வெள்ளை உருகி வழிந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மிஷின் எண்ணெய் விட்டார். சக்கரம் சுற்றியது.

“வாங்க மாப்ளே, வாங்க!”

கட்டர் தண்டைத் தொட்டதுதான் தாமதம், டேபிள் தடதடவென்று ஆடியது. தோட்டக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். “அய்யோ, தகட்டத் தளர்த்துனத மறந்துட்டேனே!” என்று மாமனார் மிஷினை நிறுத்தினார். திருகைத் துளி இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, இன்னும் துளி இறுக்கினார். பிறகு டேபிள் ஆடாமல் அசையாமல் போனது. பள்ளம் நேராக விழுந்தது. சுடச்சுடத் தண்டைத் துண்டில் சுருட்டிக்கொண்டு தோட்டக்காரர் ஜீப்புக்கு ஓடினார். ஒரு சாக்கு புளித்தது, மற்றதெல்லாம் பிழைத்தது என்று பின்னால் சேதி வந்தது.

அன்றே முதலாளி எண்ணெய்க் குவளையை மாமனாரிடமிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்.

பிறகொரு சமயம் காய்ச்சலில் சில நாள் நான் வேலைக்குப் போகவில்லை. ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் மாமனார் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றார். உள்ளே வரவில்லை. தரையைப் பார்த்தபடி, “மாப்ளே விசாரிச்சுட்டு வரச் சொன்னாரு ஆத்தா” என்றார்.

மிஷின் தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதிய பாகங்கள் சரிதானா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். என்னை விசாரிக்க வந்ததை மட்டும் திருத்த வேண்டாம். அது அப்படியேதான் நடந்தது.